அடியும் கவலையும் எம்.எஸ். நோயும்: எது காரணம், எது துணை?

முப்பது வயதுப் பெண் ஒருத்திக்குத் திடீரென்று ஒரு கண் மங்குகிறது. சில வாரங்களில் தானே தெளிகிறது. ஆறு மாதம் கழித்து இடது கால் மரத்துப் போகிறது. நரம்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. படம் பார்த்து 'மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்' என்கிறார். வீட்டுக்கு வந்ததும் பேச்சு மருந்தைப் பற்றி இருப்பதில்லை. "போன தீபாவளிக்கு மாடிப்படியில விழுந்தாளே, அதுல வந்திருக்குமோ?" என்பார் ஒருவர். "விழுந்ததுல என்ன இருக்கு, கல்யாணம் ஆனதிலிருந்து அவளுக்கு நிம்மதியே இல்லை" என்பார் பெண்ணைப் பெற்றவர். "முன்னாடியே இருந்திருக்கு, மறைச்சுட்டாங்க" என்பார் மாப்பிள்ளை வீட்டார். நோய் ஒரு பக்கம் கிடக்க, வழக்கு ஒரு பக்கம் தொடங்கிவிடும்.

சொந்த ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம்மவர் குடும்பங்களில் இந்த வழக்கைத் தீர்த்துவைக்கப் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பதில்லை. ஆகவே இரண்டு கேள்விகளை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். உடலில் பட்ட அடி இந்நோயைக் கொண்டுவருமா, வந்த நோயை முற்றச் செய்யுமா? மனக்கவலை அவ்வாறு செய்யுமா? இரண்டுக்கும் ஒரே பதில் அல்ல என்பதே நான் சொல்ல வரும் செய்தி.

நோயின் இயல்பு

மின்சார ஒயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பது போல, மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் உள்ள நரம்பிழைகளின் மேல் 'மையலின்' என்ற கொழுப்புறை இருக்கிறது. கிருமிகளோடு போரிட வேண்டிய நம் உடலின் காவற்படை, ஏதோ காரணத்தால் ஆள் மாறாட்டம் செய்து இந்த உறையைத் தாக்குகிறது. உறை உரிந்த இடத்தில் செய்தி தட்டுத் தடுமாறிப் போகும், அல்லது போகாமலே நிற்கும். தாக்குண்ட இடங்கள் பின்னர் தழும்பாகி இறுகுகின்றன. பல இடங்களில் இறுகுதல் என்பதுதான் அந்த நீண்ட பெயரின் பொருள். பாரிஸ் நகரின் சால்பெத்ரியர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்க்கோ என்னும் அறிஞர் 1868இல் இதனைத் தனி நோயாக வரையறுத்தார். இக்கட்டுரையில் எம்.எஸ். என்றே சுருக்கிச் சொல்வேன்.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலோர்க்கு முதலில் வந்து வந்து போகும் வகையாக இருக்கும். அதாவது சில நாள் அல்லது சில வாரம் தாக்குதல், பிறகு முழுதாகவோ அரைகுறையாகவோ தெளிவு. சிலருக்கு நாளடைவில் நிற்காமல் மெல்ல முற்றும்.

இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். மும்பையின் பார்சி சமூகத்தில் 1980களின் இறுதியில் நடந்த கணக்கெடுப்பு, லட்சம் பேரில் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. பின்னர் மங்களூரில் பொதுமக்களிடையே எடுத்த கணக்கில் லட்சத்துக்கு எட்டுப் பேர் அளவில் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. கருவி பரவலான பின் கண்டுபிடிப்பும் கூடிவிட்டது.

காரணம் மூன்று வகை

நம் முன்னோர் தருக்க நூல்களில் காரணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். ஒன்றைச் சுட்டி "இதுதான் காரணம்" என்று ஒருவர் சொன்னால், எந்த வகைக் காரணம் என்று திருப்பிக் கேட்பது பழைய வாத முறை. மருத்துவ விஷயத்திலும் அந்தக் கேள்வி மிகவும் உதவுகிறது.

எம்.எஸ். நோய்க்கு மண்ணாக அமைவது, பரம்பரையாக வந்த சில மரபணுக்களும் அவற்றால் அமைந்த காவற்படையின் போக்கும். நிமித்தமாக வலுவாகச் சுட்டப்படுவது எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, இவ்வைரஸ் தொற்றிய பின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. ஆனால் உலகில் பெரும்பாலோர் உடலில் இந்த வைரஸ் இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. குயவன் எல்லா ஊரிலும் இருக்கிறான், மண் வாய்த்த இடத்தில்தான் குடம் ஆகிறது. புகைபிடித்தலும் வைட்டமின் டி குறைவும் துணைக்காரண வரிசையில் வரும். இந்த வரிசையில் அடிக்கும் கவலைக்கும் இடம் உண்டா என்பதே இனி நாம் பார்க்க வேண்டியது.

அடி பட்டதால் வருமா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லோரும் அறிந்தது. அடுத்தடுத்து நடந்ததால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. ஆனால் இந்நோய் விஷயத்தில் மருத்துவர்களே வெகுகாலம் காக்கையைச் சந்தேகித்தார்கள். தலையிலோ கழுத்திலோ பலத்த அடி பட்டால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்புச் சுவர் விரிசல் விட்டு, காவற்படை அணுக்கள் உள்ளே நுழைய வழி கிடைக்கும் என்பது வாதம். சார்லஸ் போசர் போன்ற பெரிய நரம்பியல் அறிஞர்கள் இதை வலியுறுத்தினார்கள். மேலை நாடுகளில் விபத்து இழப்பீட்டு வழக்குகளிலும் இந்த வாதம் ஏறியது.

பழைய ஆய்வுகள் எப்படி நடந்தன என்று பார்க்க வேண்டும். நோய் வந்தவர்களை உட்காரவைத்து, "இதுக்கு முன்னால எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கேட்டார்கள். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதன் குறை உடனே விளங்கும். அன்றன்று நாள்வழிக் குறிப்பில் பதிந்து பேரேட்டில் ஏற்றிய கணக்கு வேறு. வருடக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதும் கணக்கு வேறு. நஷ்டம் வந்த வருஷத்தில் வசூலாகாத பாக்கி ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வரும். லாபம் வந்த வருஷத்தில் அதே பாக்கிகள் மறந்து போகும். நோயாளி காரணம் தேடித் தேடித் தன் நினைவைத் துழாவுகிறார். நோயில்லாதவர் பத்து முறை விழுந்திருந்தாலும் சொல்ல மறந்துவிடுகிறார்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டாக்டர் சிப்லியும் உடனிருந்தவர்களும் நாள்வழிக் குறிப்பு முறையைக் கையாண்டார்கள். 170 எம்.எஸ். நோயாளிகளையும் நோயற்ற 134 பேரையும் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, பட்ட அடியையெல்லாம் அவ்வப்போதே பதிந்தார்கள். மொத்தம் 1407 காயங்கள். எலும்பு முறிவு, தலைக்காயம், அறுவை சிகிச்சை எல்லாம் இதில் அடக்கம். 1991இல் வெளிவந்த முடிவு: அடி பட்டதற்குப் பிந்திய மாதங்களில் தாக்குதல் கூடவில்லை, நோய் முற்றும் வேகத்துக்கும் அடிக்கும் தொடர்பு தெரியவில்லை. மின்தாக்கு பட்ட சிலர் விஷயத்தில் மட்டும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நோயாளிகளுக்கு மற்றவர்களை விட அடிகள் மிக அதிகம். ஏன்? கால் தடுமாறுகிறது, கண் மங்குகிறது, சமநிலை தவறுகிறது, விழுகிறார்கள். ஆக, விழுந்ததால் நோய் வந்தது என்பதை விட, நோய் ஓசைப்படாமல் வந்திருந்ததால் விழுந்தார் என்பதே பல வீடுகளில் உண்மையாக இருக்கும். விபத்துக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மூளையில் ஏற்கெனவே பழைய தழும்புகள் இருப்பது தெரியவருவதும் உண்டு. விபத்து அதைக் கொண்டுவரவில்லை, காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மின்னசோட்டா மாநிலத்தில் மேயோ மருத்துவமனையின் நீண்டகாலப் பதிவேடுகளைக் கொண்டு 1993இல் வெளிவந்த ஆய்வும் அடிக்கும் எம்.எஸ். நோய்க்கும் தொடர்பு காணவில்லை. 1999இல் அமெரிக்க நரம்பியல் கழகம் அதுவரை வந்த ஆய்வுகளைச் சீர்தூக்கி, உடற்காயம் இந்நோயைத் தோற்றுவிப்பதாகவோ கிளப்புவதாகவோ சான்றுகள் காட்டவில்லை என்று அறிவித்தது.

கதவை முழுதாகச் சாத்திவிடவும் கூடாது. சுவீடன் நாட்டில் 7292 நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைப் பிறரோடு ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வந்தது. 11 முதல் 20 வயதுக்குள் மூளை அதிர்ச்சி ஒருமுறை பட்டவர்க்குப் பிற்காலத்தில் எம்.எஸ். வரும் வாய்ப்பு 22 விழுக்காடு கூடுதல். ஒருமுறைக்கு மேல் பட்டவர்க்கு இரண்டு மடங்குக்கும் மேல். பத்து வயதுக்குள் பட்ட தலைக்காயத்துக்கும், கை கால் எலும்பு முறிவுக்கும் அந்தத் தொடர்பு இல்லை. மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். லட்சத்தில் சிலருக்கு வரும் நோய் இரண்டு மடங்கானாலும் சிலருக்குத்தான் வரும். இளைஞர்கள் ஸ்கூட்டரில் ஹெல்மெட் போட இது இன்னொரு நியாயம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கவலையால் வருமா, கூடுமா?

இங்கே கதை வேறு. பிரிட்டனில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பேரர் அகஸ்டஸ் டெஸ்டே தன் நோயைப் பற்றி நாட்குறிப்பு எழுதிவைத்தார். 1822 டிசம்பரில், தந்தையைப் போல் நேசித்த உறவினரைப் பார்க்க ஸ்காட்லாந்து போனார். போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்துகிடந்தார். அடக்கத்தின்போது பலர் முன்னிலையில் அழக்கூடாது என்று கண்ணீரை அடக்கிக்கொண்டார். சிறிது நாளில் கண் மங்கி, தன் கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்லும் நிலை வந்தது. பிறகு தானே தெளிந்தது. 1848இல் இறக்கும்வரை நோய் விட்டு விட்டு வந்து அவரை முடக்கியது. 1948இல் நாட்குறிப்பு வெளியானபோது அது எம்.எஸ். என்று அறிஞர்கள் கண்டார்கள். ஷார்க்கோவும் துக்கத்தையும் வாழ்க்கை நிலை சரிவதையும் இந்நோயோடு சேர்த்துப் பேசியிருக்கிறார். ஆனால் ஒருவர் கதை சான்றாகாது. அது காக்கையாகவும் இருக்கலாம்.

நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் 73 நோயாளிகள் வாராவாரம் தங்கள் மனநெருக்கடிகளைக் குறித்துவந்தார்கள். உறவினர் மரணம், குடும்பச் சண்டை, வேலைத் தொல்லை போன்றவை. 2003இல் வந்த முடிவின்படி, நெருக்கடிக்குப் பின் வரும் நான்கு வாரங்களில் தாக்குதல் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு. மறு ஆண்டு மோரும் உடனிருந்தவர்களும் 14 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனநெருக்கடிக்கும் தாக்குதலுக்கும் தொடர்பு இருக்கிறது என்றார்கள். ஆனால் குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு வந்த குறிப்பிட்ட தாக்குதலுக்கு இன்ன கவலைதான் காரணம் என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அந்த வரிதான் நமக்கு முக்கியம்.

எல்லா நெருக்கடியும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. 1991இல் வளைகுடாப் போரின்போது இஸ்ரேல் மீது ஏவுகணைகள் விழுந்தன. அங்கே 32 நோயாளிகளைக் கவனித்ததில், போர்க்காலத்திலும் அதன்பின் இரண்டு மாதத்திலும் தாக்குதல் குறைந்திருந்தது. 2006இல் லெபனான் போரின்போது அதே நாட்டில் 156 நோயாளிகளைப் பார்த்ததில், தாக்குதல் கூடியிருந்தது. முடிவு எதிரெதிர். அனேகாந்தம் பயின்றவர்களுக்கு இது வியப்பாக இராது. ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை.

நோயே இல்லாதவருக்குக் கவலை புதிதாக எம்.எஸ். கொண்டுவருமா என்ற கேள்விக்குப் பதில் இன்னும் தீரவில்லை. டென்மார்க்கில் பிள்ளையைப் பறிகொடுத்த 21,062 பெற்றோரைத் தொடர்ந்ததில், அவர்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று 2004இல் தெரிந்தது. ஆனாலும் நோய் வந்தவர்கள் மிகச் சிலரே. அமெரிக்கச் செவிலியரிடம் நடந்த பெரிய ஆய்வு, வீட்டு நெருக்கடிக்கும் இளமையில் பட்ட கொடுமைக்கும் தொடர்பு இல்லை என்று 2011இல் சொன்னது. நார்வேப் பெண்களிடம் நடந்த ஆய்வு, இளமையில் பட்ட கொடுமைக்குத் தொடர்பு உண்டு என்று 2022இல் சொன்னது. ஆகவே "கவலையால்தான் வந்துச்சு" என்று யாரையும் சுட்டிப் பேச இடமில்லை. இருக்கும் நோயைக் கிளப்பும் துணைக்காரணங்களில் ஒன்றாக அது இருக்கலாம், அந்த அளவில் நிறுத்த வேண்டும்.

எப்படிக் கிளப்புகிறது?

கவலை வந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி கார்ட்டிசால் என்ற சாற்றைச் சுரக்கிறது. அது காவற்படையை அடக்கிவைக்கும் பொருள். தாக்குதல் வந்தால் மருத்துவர் ஊசியில் ஏற்றும் ஸ்டீராய்டு இதன் உறவுக்காரப் பொருள்தான். அப்படியானால் கவலை நன்மையல்லவா செய்ய வேண்டும்? குறுகிய காலத்துக்கு அப்படியும் நடக்கலாம். நெடுநாள் ஓயாமல் சுரந்தால், காவற்படை அணுக்கள் அதன் சொல்லைக் கேட்காமல் போய்விடுகின்றன. தினமும் அதட்டும் முதலாளியின் குரலைக் கடைப் பையன்கள் காதில் வாங்காதது போல. இது ஒரு வலுவான கருத்து. முழு விளக்கம் இன்னும் ஆய்வில் இருக்கிறது.

வெக்கையும் பொய்த் தாக்குதலும்

தாக்குதல் போலத் தோன்றி, தாக்குதல் அல்லாதது ஒன்று உண்டு. ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இல் இதை எழுதிவைத்தார். உடற்சூடு சற்று ஏறினாலும், உறை உரிந்த நரம்பில் செய்தி இன்னும் தடைப்படும்; பழைய மங்கலும் மரமரப்பும் திரும்பத் தலைகாட்டும். சூடு தணிந்தால் போய்விடும். புதுப் புண் எதுவும் ஏற்படுவதில்லை. நம் நாட்டு மே மாத வெயில், கொதிக்கக் கொதிக்க எண்ணெய்க் குளியல், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, தூக்கமின்மை எல்லாம் இதைச் செய்யும். ஒரு கல்யாண வீட்டு அலைச்சலில் கால் பின்னிக்கொண்டால், அது கவலையின் வேலையா, வெக்கையின் வேலையா, உண்மைத் தாக்குதலா என்று வீட்டிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் ஒரு நாளுக்கு மேல், அதாவது 24 மணி நேரத்துக்கு மேல், புதிய குறை நீடித்தால் உடனே நரம்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

செய்யத் தக்கவை

முதலாவது, நோயை அடக்கிவைக்கும் மருந்தை நிறுத்தக் கூடாது. "மனசு நிம்மதியா இருந்தா போதும், மருந்து எதுக்கு?" என்று சொல்லி நிறுத்தவைப்பவர் நல்லவராகவே இருக்கலாம், அவர் சொல் கேடு. அமெரிக்காவில் 121 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2012இல் வெளிவந்தது. 24 வாரம் மனநெருக்கடியைக் கையாளும் பயிற்சி பெற்றவர்களில் 77 விழுக்காட்டினருக்கு மூளையில் புதுப் புண் இல்லை. பயிற்சி பெறாதவர்களில் 55 விழுக்காட்டினருக்கே அப்படி. ஆனால் பயிற்சி நின்ற பிறகு அந்த வேறுபாடும் மறைந்துவிட்டது. ஆகவே மன அமைதிப் பழக்கம், தியானம், நண்பரிடம் மனம் விட்டுப் பேசுதல் ஆகியவை மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டியவை, விடாமல் நடக்க வேண்டியவை. மருந்துக்கு மாற்று அல்ல.

இரண்டாவது, அடி நோயைக் கிளப்பாது என்பதால் விழலாம் என்று பொருளல்ல. எலும்பு முறிந்து படுத்தால் தசை வலு போய்விடும். குளியலறையில் பிடிகம்பி, வழுக்காத தரை, இரவில் விளக்கு, மருத்துவர் சொன்னபடி உடற்பயிற்சி, இவை போதும். அடி படுமோ என்று பயந்து வீட்டுக்குள்ளே முடக்கிவைப்பதும், தேவையான அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் வேண்டாம்.

மூன்றாவது, நம் சமணர் வீடுகளில் தசலட்சண நாட்களில் நீரும் அருந்தாமல் உபவாசம் இருப்போர் உண்டு. இந்நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். மருந்து வேளை தவறக் கூடாது.

நான்காவது, ஒரு சிறு நோட்டில் தேதி, குறை, காய்ச்சல், தூக்கம், மனநிலை ஆகியவற்றை அன்றன்று எழுதிவைக்க வேண்டும். மருத்துவர்க்கு ஞாபகக் கணக்கை விட நாள்வழிக் கணக்கு எவ்வளவோ மேல்.

ஐந்தாவது, உதவி இருக்கிறது. 1985இல் மும்பையில் தொடங்கிய மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் வழிகாட்டுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இந்நோய் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்றிதழ் பெற்றவர்க்கு உயர்கல்வி இட ஒதுக்கீடு முதலிய உரிமைகள் உண்டு. நோயை மறைப்பதால் இவற்றை இழக்கிறோம்.

வினையும் பழியும்

இறுதியில் ஒன்று சொல்ல வேண்டும். "எல்லாம் முன்வினை" என்று பெருமூச்சு விடுவாரும் உண்டு. துன்பம் தரும் வினையை அசாதா வேதனீயம் என்று சமண நூல்கள் பெயரிட்டுச் சொல்வது மெய்தான். ஆனால் வினைக் கொள்கை தன்னைத் தான் சோதித்துக்கொள்ள ஏற்பட்டது; படுக்கையில் கிடப்பவரைப் பார்த்து நீட்டும் விரல் அல்ல. அதே நூல்கள் நான்கு தானங்களை விதிக்கின்றன: ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம். வினை என்று விட்டுவிடுவதானால் ஔஷத தானத்தை ஏன் விதித்தார்கள்?

இந்த நோயில் நான்கும் ஒரே வீட்டில் செய்ய வாய்ப்பு இருக்கிறது. சத்தான சோறு, தவறாத மருந்து, நோயைப் பற்றிய சரியான அறிவு, நான்காவதாக அச்சம் நீக்குதல். "நீ விழுந்ததால் வரவில்லை, நீ கவலைப்பட்டதால் வரவில்லை, யார் செய்த குற்றமும் இல்லை, நாங்கள் கூட இருக்கிறோம்" என்று சொல்வது அபய தானம். மாமியாரும் சொல்லலாம், கணவரும் சொல்லலாம், நம் சங்கத்தாரும் சொல்லலாம். அதைக் கேட்டவருக்குக் கவலை ஒரு பங்கு குறையும் என்பதில் ஐயமில்லை.